மன்னார்க் கடலும் சுழியோடியின் கண்ணும்

மன்னார் என்றவுடன் முத்தின் நினைவு வருதல் நம்மவர்க்கு இயல்பு. அம்முத்து விளைந்த இடங்கள், அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரையூர்களுக்கு மேற்கே கடலடியிற் கிடக்கும் பாறைத் திட்டுக்களாகும். அவற்றைப் 'பார்' என்பர். பெரிய பார், சேவற் பார் முதலிய பெயர்களைத் தாங்கிய அவை பெரும்பாலும் ஐந்து முதற் பத்துப் பாக ஆழத்தில், அஃதாவது ஏறத்தாழ 9 முதல் 18 மீற்றர் ஆழத்தில், உள்ளன. 1905ஆம் ஆண்டில் நடைபெற்ற முத்துக் குளிப்பில் முந்நூறுக்கு மேற்பட்ட தோணிகளும் ஏறக்குறைய 5,000 குளிகாரரும் ஈடுபட்டனர். எட்டுக் கோடி அளவிற் சிப்பிகள் கரையேறின. அரசாங்கத்துக்கு வந்த வருவாய் 25 இலட்சம் ரூபா அளவினது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1902இல், இலிவர்ப்பூல் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஹேர்ட்மன் என்பார் வந்து இப்பார்களை ஆராய்ந்து, ஐந்து பெருந்தொகுதிகளில் அறிக்கை வெளியிட்டார். சிப்பியின் பருவமும், அதன் பகையும், அதன் உடலுட் குடியிருக்கும் புழுவும் அவற்றில் நுணுக்கமாக எழுதப்பட்டன. சிப்பியின் உடம்பைப் பற்றி இத்துணை எழுதிய காலத்தில், அதனை எடுத்துவந்த மனிதனுடைய உடம்பைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சிறிது.

எழுதினாரும் வியந்து எழுதினாரேயன்றி ஆராய்ந்து எழுதினாரல்லர். 1803இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட பேர்சிவல் என்னும் ஆங்கிலப் படைவீரர், குளிகாரர் மேலே வந்ததும் வாயாலும் மூக்காலும் காதாலும் நீரும் சிலவேளை இரத்தமும் வெளிவருமென்றும், அதனைப் பொருட்படுத்தாது ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை மீண்டும் மீண்டும் குளிப்பரென்றும் குறித்துள்ளார். காலிற் கட்டிய கல்லொன்று, கழுத்திற் கூடையொன்று, மேலே கயிறு பிடிக்க ஒரு துணைவன், கரையிற் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடற்கட்டி' ஒருவர். இவையே அக்காலத்துக் காப்பு. அரபு நாட்டுக் குளிகாரர் மூக்கைக் கொம்புக் கவ்வியால் இறுக்கிக்கொள்வர். நம்மவருக்குக் கையே கவ்வி.

முத்துக் குளிப்பு இன்று பழங்கதை. சுழியோடும் தொழில் ஒழிந்ததன்று. சங்குக்கும் கடலட்டைக்கும் மன்னார்க் கரையிலிருந்து இன்றும் இளைஞர் கடலின் அடிக்குச் செல்கின்றனர். கல்லுக்குப் பதிலாக முதுகிற் காற்றுச் சிலிண்டர். மூக்குக்கும் கண்ணுக்கும் கண்ணாடி முகமூடி. ஒரு நிமிடச் சொச்சம் நின்ற பாட்டனுடைய இடத்திற் பேரன் முக்கால் மணி நேரம் நிற்கிறான். தொழிலின் பெயர் ஒன்றே. ஆயினும் உடம்புக்கு நேரும் ஆபத்து வேறாகிவிட்டது. அவ்வேறுபாட்டைக் கண்ணைக்கொண்டு விளக்குவது எளிது. கடலடியில் உடம்பு படும் துன்பங்களுட் பல, கண்ணிலோ பார்வையிலோ தம்மைக் காட்டுகின்றன. ஆனால் அவை காட்டும் முறை நம்மை ஏமாற்றவல்லது. பார்ப்போர் பதறும் குறி பெரும்பாலும் அற்பமானது. பார்ப்போருக்கு ஒன்றுமே தெரியாத குறி கைகாலையும் உயிரையும் கொண்டுபோகக்கூடியது.

முதலில், நோயல்லாதவற்றைச் சொல்லி விலக்குவோம். வெறுங் கண்ணோடு நீருள் விழித்தால் எல்லாம் பனிமூட்டம் போலத் தெரிவது ஏன்? கண்ணின் ஒளிமுறிக்கும் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு, கண்ணின் முன்புறத்து வளைந்த விழிவெண்படலத்தால் வருவது. அப்படலத்தின் முன்னே காற்று இருந்தால்தான் ஒளி அங்கே நன்கு முறியும். நீர் இருந்தால், நீரும் படலமும் ஏறக்குறைய ஒரே இயல்பினவாதலின், அவ்வலு அற்றுப்போகும். முகமூடி செய்யும் வேலை, கண்ணுக்கு முன்னே சிறிது காற்றை நிறுத்துவதே. அதற்கும் ஒரு விலை உண்டு. ஒளி நீரிலிருந்து காற்றுக்கு வருகையில் முறிவதால், பொருள்கள் உண்மைத் தொலைவில் முக்காற் பங்கிலும், உருவில் மூன்றிலொரு பங்கு பெருத்தும் தோன்றும். புதிதாகச் சுழியோடுபவன் சங்குக்குக் கை நீட்டி வெறுநீரைப் பிடிப்பான். கரைக்கு வந்து, தான் கண்ட மீனின் அளவைச் சொல்லும்போது அவன் பொய் சொல்வதாக நாம் எண்ண வேண்டியதில்லை. நிறமும் மாறும். செந்நிற ஒளியை நீர் முதலிலேயே விழுங்கிவிடுவதால், பத்துப் பாகத்திற் கையிற் காயம் பட்டால் வடியும் குருதி கரும்பச்சையாகத் தெரியும். இவையெல்லாம் ஒளியின் விளையாட்டு. மேலே வந்ததும் மறைந்துவிடும்.

இங்கே ஒன்று குறிப்பிடத்தக்கது. தாய்லாந்துக் கரையின் மோக்கன் என்னும் கடல்நாடோடிகளின் பிள்ளைகள் முகமூடியின்றியே நீரடியிற் சிறு பொருள்களைப் பொறுக்குவர். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் அன்னா கிஸ்லேன் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி, அப்பிள்ளைகள் நீருள் ஐரோப்பியப் பிள்ளைகளிலும் இருமடங்கு நுணுக்கமாகக் காண்பதை நிறுவியது. அவர்கள் நீருள்ளே கண்மணியை மிகச் சுருக்கிக்கொள்கின்றனர். சிறு துளையினூடே பார்த்தால் மங்கல் குறைவது போன்றதே அது. பின்னர் ஐரோப்பியப் பிள்ளைகளும் பயிற்சியால் அதனைப் பெற்றனர். ஆகவே அது பிறவிக் குணமன்று, பழக்கத்தின் பேறு. கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் ஆண்டுதோறும் வந்து முகமூடியின்றிக் குளித்தவர்களும் இவ்வித்தையைத் தம்மையறியாமலே கற்றிருக்கக் கூடும்.

இனி, பார்ப்போர் பதறும் குறிக்கு வருவோம். சுழியோடி மேலே வந்து முகமூடியைக் கழற்றுகிறான். கண்ணின் வெள்ளை முழுவதும் இரத்தச் சிவப்பு, கண்ணைச் சுற்றிச் செம்புள்ளிகள், இமை வீங்கியிருக்கிறது. வீட்டார் அலறுவர். நடந்தது இதுவே. பத்து மீற்றர் இறங்கினால் அமுக்கம் இரட்டிக்கும். முகமூடிக்குள் இருக்கும் காற்றுப் பாதியாகச் சுருங்கப் பார்க்கும். மூக்கினாற் சிறிது காற்றை முகமூடிக்குள் விட்டால் ஈடாகிவிடும். விட மறந்தால், முகமூடி அட்டைபோலக் கண்ணை உறிஞ்சும். நுண்ணிய குருதிக் குழாய்கள் வெடிக்கும். மூக்கை மூடாத சிறு நீச்சற் கண்ணாடியை அணிந்து ஆழஞ் செல்வது இதனாலேயே தகாது. அதனுட் காற்றை விட வழியில்லை. பார்வை தெளிவாயிருந்து, நோவும் மிகாதிருந்தால், இரண்டு மூன்று வாரத்தில் இச்சிவப்பு மருந்தின்றியே மறைந்துவிடும். பார்வை குறைந்தாலோ, கண் பிதுங்கினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ கண் வைத்தியரிடம் செல்லவேண்டும்.

அற்பமாகத் தோன்றும் குறிகளே இக்கட்டுரையின் பொருள். அவற்றை விளக்க, மூன்று நூற்றாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்லவேண்டும். வாயுவின் அமுக்கத்துக்கும் கனவளவுக்கும் உள்ள தொடர்பை விதியாக வகுத்த இரொபேட்டு போயில், 1670இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பாம்பொன்றைப் பாத்திரத்தில் அடைத்துக் காற்றை உறிஞ்சி வெளியேற்றியபோது, அதன் ஒரு கண்ணின் நீருள்ளே ஒரு குமிழி இங்குமங்கும் அசைவதை அவர் கண்டார். அமுக்கம் திடீரெனக் குறைந்தால் உயிருள்ள உடம்பிற் குமிழிகள் பிறக்கும் என்பதற்கு மனிதர் பெற்ற முதற் சான்று அதுவே. அது கண்ணினுள் தெரிந்தமை தற்செயலே. உடம்பில் உள்ளே பார்க்கக்கூடிய வேறு சாளரம் அன்று இருந்ததா?

சுழியோடி சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். ஆழத்தில் அமுக்கம் மிகுவதால் அது குருதியிலும் கொழுப்பிலும், மூளையிலும் முள்ளந்தண்டு நாணிலும் கரைந்து சேரும். மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறும். விரைந்து வந்தால், மூடியைத் திறந்த சோடாப் போத்தலைப் போல நுரைக்கும். பிரெஞ்சு அறிஞர் போல் பேர் 1878இல் இதன் காரணத்தை நிறுவினார். ஆங்கில அறிஞர் ஹோல்டேன் ஆடுகளை வைத்து ஆராய்ந்து, படிப்படியாக நின்று மேலேறும் அட்டவணையை 1908இல் வகுத்தார். இன்று சுழியோடிகள் கைக்கொள்ளும் அட்டவணைகளின் வழி அதுவே. அமெரிக்கக் கடற்படையின் நெடுநாள் அட்டவணைப்படி, இடையில் நிற்காமல் நேரே மேலேற வேண்டுமாயின் 18 மீற்றரில் 60 நிமிடத்துக்கும் 30 மீற்றரில் 25 நிமிடத்துக்கும் மேல் தங்கலாகாது.

இவ்விடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தல் நலம். பன்னிரண்டு இலீற்றர்ச் சிலிண்டரில் 200 வளிமண்டல அமுக்கத்தில் அடைத்த காற்று, மேற்பரப்பில் 2,400 இலீற்றர் ஆகும். வேலை செய்யும் ஒருவனுக்கு நிமிடத்துக்கு 20 இலீற்றர் வேண்டுமெனின், 18 மீற்றரில் 56 இலீற்றர் செலவாகும். காற்று 43 நிமிடத்தில் முடியும். அட்டவணை தரும் எல்லை 60 நிமிடமாதலால், ஒரு சிலிண்டர் அவனைத் தானே காப்பாற்றி மேலே அனுப்பிவிடுகிறது. 30 மீற்றரிலோ நிமிடத்துக்கு 80 இலீற்றர் செலவாகும், காற்று 30 நிமிடம் வரும், எல்லையோ 25. காவல் அங்கே நீங்கிவிட்டது. இனி, படகில் மூன்று நாலு சிலிண்டர் இருந்தால்? முதற் சிலிண்டரில் ஏறிய நைதரசன் முற்றாக வெளியேறுமுன் இரண்டாவதை மாட்டிக்கொண்டு இறங்குபவனுக்கு, அந்த 60 என்ற எண்ணே பொருந்தாது. கரையோரத்துக் கடலட்டை குறையக் குறைய ஆழத்தை நாடவேண்டியிருப்பதும், எரிபொருட் செலவைத் தேட ஒரே நாளிற் பல சிலிண்டர் முடிக்கவேண்டியிருப்பதும் சேர்ந்து, இக்கணக்கைச் சுழியோடிக்கு எதிராகத் திருப்புகின்றன. அவன் அறியாமையைப் பழிப்பது எளிது. கடன்காரனுடைய கணக்கும் அவனுக்கு உண்டு.

குமிழிகள் மூட்டில் தங்கினால் நோவு. அது யாவரும் அறிந்தது. மூளைக்கும் முள்ளந்தண்டு நாணுக்கும் சென்றால் வருவன வேறு. பார்வைக்குரிய பகுதி மூளையின் பின்புறத்தில் உள்ளது. அங்கே தீங்கு நேர்ந்தால், கண் பழுதின்றி இருக்கப் பார்வை கெடும். எழுத்துக்கள் மங்கும்; பொருள் இரண்டாகும்; ஒளிக்கோடுகள் வளைந்து வளைந்து மின்னும்; எதிரே நிற்பவன் முகத்தில் ஒரு பாதி காணாமற் போகும். கண்ணைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகவும் கருமை கருமையாகவும் இருக்கும். 'வெயிலிற் களைத்துவிட்டான், படுக்கட்டும்' என்பர் உடனிருப்போர். கபாலக்குத்து உடையவனாயின், 'வழக்கமானதுதானே' என்பர். நாலு மனிதரில் ஏறக்குறைய ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கிடையே பிறப்பிலிருந்த சிறு வழி முற்றாக மூடாதிருக்கும். நுரையீரல் வடிகட்டவேண்டிய குமிழிகள் அவ்வழியே நேரே மூளைக்குச் சென்றுவிடலாம். பார்வைக் கேடும் தலைசுற்றும் இத்தகையோரில் மிகுதி.

சிலிண்டர் இல்லாதவனுக்கு இந்நோய் வராதென்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பசிபிக்குக் கடலில் உள்ள துவாமோத்துத் தீவுகளின் முத்துக் குளிப்போர் 'தாரவானா' என்று ஒரு நோயைச் சொல்வர். தலைசுற்று, பார்வைக் கேடு, கைகால் முடக்கம், சிலவேளை மரணம். 1958இல் அங்கே ஒரே நாளிற் குளித்த 235 பேரில் 47 பேர் இதனால் தாக்கப்பட்டதாகக் குறோசு என்னும் அமெரிக்கர் எழுதினார். பக்கத்து மங்கரேவாத் தீவில், ஒவ்வொரு குளிப்புக்கும் இடையே பத்து நிமிடம் இளைப்பாறுவோரிடை இந்நோய் காணப்படவில்லை. 1965இல் போலெவ் என்னும் தேன்மார்க்குக் கடற்படை வைத்தியர், 20 மீற்றர் ஆழமுள்ள பயிற்சித் தொட்டியில் மூச்சடக்கி ஐந்து மணி நேரத்தில் அறுபது தடவை இறங்கியபின், தமக்கே கை தளர்ந்து பார்வை மங்கியதை வெளியிட்டார். அமுக்க அறையிற் சிகிச்சை பெற்றே நலமடைந்தார். பேர்சிவல் எழுதிய 'நாற்பது ஐம்பது தடவை' என்பதை இவற்றோடு வைத்துப் படித்தால், சிலாவத்துறைக் கரையில் மாலை வேளையிற் தலைசுற்றி விழுந்தவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பது ஓரளவு விளங்கும்.

பாட்டனுக்கும் பேரனுக்கும் உள்ள பெருவேறுபாடு மற்றொன்று. 'மூச்சை விடாதே' என்பது முத்துக் குளிப்பவனுக்குத் தந்தை சொல்லும் முதற் பாடம். மேற்பரப்பிலே நிரப்பிய மூச்சு ஆழத்திற் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே மீளும், நுரையீரலுக்குக் கேடில்லை. சிலிண்டர்க் காற்றோ ஆழத்தின் அமுக்கத்திலே நிரப்பியது. அதனை அடக்கிக்கொண்டு பத்து மீற்றர் மேலெழுந்தால் இருமடங்காக விரியும். நுரையீரல் கிழிந்து, காற்றுக் குருதியிற் கலந்து மூளைக்குச் செல்லும். ஆளுயரமே உள்ள நீரிலும் இது நடக்கக்கூடும். மேலே வந்த சில நிமிடத்துக்குள் பார்வை இருண்டு, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் விழுந்துவிடும். காற்று முடிந்துவிட்டதென்று பதறி மேலே பாய்பவன் தன்னையறியாமல் மூச்சை அடக்குவான். தலைமுறை தலைமுறையாகக் காத்த பாடமே அவனைக் கொல்கிறது. சிலிண்டர்ச் சுழியோடிக்குச் சொல்லவேண்டிய முதற் பாடம், மேலேறுகையில் மூச்சை ஒருபோதும் நிறுத்தாதே என்பதாகும்.

வேறு சில காரணங்களையும் சுருக்கிச் சொல்லலாம். முப்பது மீற்றருக்குக் கீழே நைதரசன் மது போல் மயக்கும்; கடிகாரத்தைப் பார்த்தும் நேரம் புரியாது. காற்றடைக்கும் இயந்திரத்தின் வாய், அதன் புகைக்குழாய்க்கு அருகே இருந்தால் காபனோரொட்சைட்டு சிலிண்டரில் ஏறும். தலையிடியும் பார்வை மங்கலும் நீருக்கடியிலேயே தொடங்கும். செவிப்பறை கிழிந்து குளிர்நீர் உட்புகுந்தால் உலகமே சுழலும். மூச்சடக்கிக் குளிப்பவன், இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்சுவாங்கினால், மேலே வரும் வழியில் ஒட்சிசன் குறைந்து கண் இருண்டு மயங்குவான். விழித்திரைச் சிகிச்சையின்போது கண்ணுள் வாயு ஏற்றப்பட்டவர், அவ்வாயு முற்றாகக் கரைந்ததென்று வைத்தியர் சொல்லும்வரை கடலில் மட்டுமன்று, விமானத்திலும் ஏறலாகாது.

சுழியோடிகளிடையே உலகெங்கும் ஒரு வழக்கம் உண்டு. நோவு கண்டவனை மீண்டும் சிலிண்டரோடு கீழே இறக்குவர். அமுக்கத்திற் குமிழி சுருங்கும் என்பது உண்மையே. சிறிது நேரம் சுகம் தெரியும். ஆனால் அங்கே சுவாசிக்கும் காற்று மேலும் நைதரசனை ஏற்றுகிறது. பார்வை கெட்டவன், கால் தளர்ந்தவன், நீருள்ளே மயங்கினால் மீட்பார் யார்? வலிப்பு வந்தால் கரையிற் பிழைப்பான், கடலிற் பிழையான். தூய ஒட்சிசனும் பயிற்சி பெற்றோரும் இல்லாமல் இம்முறையைக் கைக்கொள்வது தகாது.

செய்யத்தக்கது வேறு. மல்லாக்கப் படுக்கவைத்து, வாய்ப்பிருந்தால் தூய ஒட்சிசனை இடைவிடாது சுவாசிக்கச் செய்யவேண்டும். நினைவு தெளிவாயிருந்தால் நீர் பருகக் கொடுக்கலாம். ஒட்சிசன் குடித்ததும் பார்வை தெளிந்துவிட்டதென்று வீட்டுக்கு அனுப்பிவிடுதல் கூடாது. குமிழி போய்விட்டதென்று அதற்குப் பொருளில்லை. மன்னார் வைத்தியசாலையிற் காட்டிய பின், அமுக்க அறைச் சிகிச்சைக்கு வழி செய்தல் வேண்டும். அவ்வறையில் நோயாளியை 18 மீற்றர் ஆழத்துக்கு ஒத்த அமுக்கத்தில் வைத்து ஒட்சிசன் கொடுப்பர். வழக்கமான ஒரு சிகிச்சைக்கு ஐந்து மணி நேரம் அளவிற் செல்லும். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அத்தகைய அறை உண்டு. மன்னாரிலிருந்து வவுனியா வழியாகத் தரையிற் செல்லும் பாதை தாழ்ந்த நிலத்தினது. உயரம் ஏறினாற் குமிழி பெருக்குமாதலின் அது நல்ல காலம். உலங்குவானூர்தியிற் கொண்டுசெல்வதாயின் இயன்றவரை தாழப் பறக்கவேண்டும். புறப்படுமுன் தொலைபேசியிற் கேட்டு, அறை ஆயத்தமாக உள்ளதா என்று உறுதிசெய்துகொள்வது நன்று.

வைத்தியர் கேட்பனவற்றைப் படகோட்டியே அறிவான். எத்தனை பாகம், எத்தனை சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் இடையே எவ்வளவு நேரம், எப்படி மேலே வந்தான், வந்து எத்தனை நிமிடத்திற் பார்வை மங்கியது, வலக்கண்ணா இடக்கண்ணா அல்லது இரு கண்ணாலும் ஒரே பக்கம் தெரியவில்லையா என்பன அவை. கடைசிக் கேள்விக்கு விடை காண்பது எளிது. ஒரு கண்ணைக் கையாற் பொத்தி, எதிரே நிற்பவனுடைய மூக்கைப் பார்க்கச் சொல்லி, இரு பக்கமும் விரலை அசைத்துக் கேட்டால் போதும். பின்னர் மற்றக் கண்ணுக்கும் அவ்வாறே செய்யவேண்டும். ஒரே பாதி இரு கண்ணுக்கும் தெரியாவிட்டால், பழுது கண்ணிலன்று, மூளையில். அவ்விடையையும் நேரத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வைத்தனுப்பினால், வழியில் அவன் நினைவிழந்தாலும் செய்தி வைத்தியரைச் சென்று சேரும்.